கான் அகாடமி: குட்டிப்பொண்ணுல இருந்து அம்மா வரைக்கும் யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஆன்லைன்ல படிக்கணும் ஆனா கையில காசு கம்மி, இல்ல இந்த வயசுல போய் படிக்கறதான்னு ஒரு கூச்சம், இல்ல படிப்ப விட்டு ரொம்ப வருஷமாச்சு எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே புரியல, இப்படி எந்தக் காரணத்தால நீங்க ஒதுங்கி இருந்தாலும் மொதல்ல போய்ப் பாக்க வேண்டிய எடம் கான் அகாடமிங்கற ஃப்ரீ படிப்பு சைட் தான். எங்க வீட்ல அக்கா பொண்ணு, நான், அம்மா மூணு பேரும் யூஸ் பண்றோம். அவளுக்கு எண்ணும் எழுத்தும், எனக்கு வேலைக்குத் தேவப்படற ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அம்மாவுக்கு சின்ன வயசுல பாதியில விட்ட கணக்கு. மூணு பேரோட தேவையும் வேற வேறயா இருந்ததால எல்லா வயசுக்கும் ஆகும்னு சொல்றாங்களே அது நெஜமான்னு பக்கத்துல இருந்தே பாக்க முடிஞ்சுது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. சல்மான் கான்னு ஒருத்தர் (நடிகர் இல்ல, வேற ஆளு) 2004ல வேற ஊர்ல இருந்த சொந்தக்காரப் பொண்ணு நாடியாவுக்கு கணக்கு சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் இன்னும் சொந்தக்காரப் பசங்க சேந்தாங்க, 2006ல யூடியூப்ல வீடியோ போட ஆரம்பிச்சாரு. அவரே மேடையில சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தப் பசங்களுக்கு அவர்கிட்ட நேர்ல கேக்கறத விட வீடியோவுல கேக்கறது தான் பிடிச்சுதாம். ஏன்னா நிறுத்திக்கலாம், திரும்பப் போட்டுக்கலாம், "போன வாரம் தான சொன்னேன்"னு யாரும் மூஞ்ச சுளிக்க மாட்டாங்க. 2008ல லாப நோக்கமில்லாத அமைப்பா பதிவு பண்ணாங்க, 2010ல கூகுள் 20 லட்சம் டாலர் குடுத்துச்சு, கேட்ஸ் ஃபவுண்டேஷனும் குடுத்தாங்க, இன்னிக்கும் பெரும்பாலும் நன்கொடையில தான் ஓடுது. விளம்பரம் கெடையாது. பாடமும் பயிற்சியும் டெஸ்ட்டும் முழுசா ஃப்ரீ, மொத ரெண்டு பாடம் ஃப்ரீ அப்புறம் பூட்டுங்கற கதை இல்ல.

இந்த பூட்டு விஷயத்துல நான் நல்லா சூடு பட்டிருக்கேன். பேர் சொல்ல விரும்பல, ஒரு படிப்பு ஆப்புல ஃப்ரீ ட்ரையல்னு சொல்லி கார்டு நம்பர் வாங்கிக்கிட்டாங்க, ட்ரையல் முடியறதுக்குள்ள கேன்சல் பண்ணியும் வருஷ சந்தா முழுசா எடுத்துட்டாங்க, திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, அதுக்கு மேல தெனம் போன் பண்ணி "கொழந்தையோட எதிர்காலத்துக்கு இது கூட செய்ய மாட்டீங்களா"ன்னு எங்க அக்காகிட்ட ஒரு பேச்சு. இது எவ்ளோ பெரிய அநியாயம்னா, காசு இல்லாதவங்களோட குத்த உணர்ச்சிய வச்சே வியாபாரம் பண்றது. அதனால யார் என்ன ஆன்லைன் கிளாஸ் பத்தி கேட்டாலும் நான் மொதல்ல பாக்கறது கார்டு கேக்கறாங்களா இல்லையாங்கறத தான். கான் அகாடமில அக்கவுண்ட் தொறக்க ஈமெயில் போதும், 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு பெத்தவங்க ஈமெயில் குடுத்து சம்மதம் சொல்லணும், அவ்ளோ தான்.

ஆனா ஃபீஸ் இல்லன்னு மட்டும் நான் இத தூக்கி வைக்கல. ஃப்ரீயா ஆயிரம் இருக்கு. அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி யுனிவர்சிட்டி 2001லயே எங்க பாடத்த எல்லாம் நெட்ல போடறோம்னு அறிவிச்சாங்க, இன்னிக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர்ங்கற அவங்க சைட்ல எல்லாம் கெடக்கு, பிரமாதமான லெக்சர்ஸ். ஆனா அதுல போய் எங்கம்மாவ உக்கார வச்சா என்ன ஆகும்? கதவு தொறந்திருக்கு, ஆனா படி ரொம்ப ஒசரம். 2012ல கோர்ஸெரா, எடெக்ஸ்னு யுனிவர்சிட்டி கோர்ஸ்கள ஆன்லைன்ல குடுக்கற சைட் எல்லாம் வந்தப்ப உலகமே இனிமே படிச்சுடும்னு பேசினாங்க, அப்புறம் 2019ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு ஆய்வுல ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸ்ல நடத்தின கோர்ஸ்கள எடுத்துப் பாத்தா, 2017-18ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க 3 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல தான், புதுசா வர்றவங்கள்லயும் வசதியான நாட்டுக்காரங்க தான் அதிகம். முடிக்காதவங்க எல்லாரும் சோம்பேறியா என்ன? எடையில ஒரு பாடம் புரியாம போச்சுன்னா அடுத்த வாரம் அடுத்த பாடம் வந்து நிக்குது, பின்னாடி போய் எத சரி பண்ணணும்னு சொல்றதுக்கு ஆள் இல்ல, அப்படியே நின்னு போயிடுது. பள்ளிக்கூடத்துல எங்கம்மாவுக்கு நடந்ததும் இதே தான்.

கான் அகாடமி இந்த எடத்துல தான் ஜெயிக்குது. அங்க மாஸ்டரின்னு ஒரு முறை வச்சிருக்காங்க, பெஞ்சமின் ப்ளூம்னு ஒரு கல்வியாளர் 1960கள்லயே பேசின விஷயம் தான். ஒரு பாடம் நல்லா வந்த பின்னாடி தான் அடுத்தது, அதுக்கு ஒருத்தருக்கு ஒரு நாள் ஆகும் இன்னொருத்தருக்கு ஒரு மாசம் ஆகும், ஆகட்டும். ஒவ்வொரு பயிற்சியிலயும் கொஞ்சம் கேள்விங்க தான் வரும், 70 சதவீதத்துக்குக் கீழ வந்தா அட்டெம்ப்டட்னு (முயற்சி பண்ணியாச்சு) ஒரு லெவல், அதுக்கு மேல ஃபெமிலியர், எல்லாமே சரின்னா ப்ரொஃபிஷியன்ட், அப்புறம் யூனிட் டெஸ்ட்லயும் அதே விஷயத்த சரியா போட்டா மாஸ்டர்ட். ஃபெயில்ங்கற வார்த்தையே கெடையாது. எத்தன தடவ வேணும்னாலும் திரும்பப் போடலாம், ஒவ்வொரு தடவையும் கேள்வி மாறி வரும். டெஸ்ட்ல தப்பு விட்டா லெவல் ஒரு படி எறங்கும், அதுவும் நல்லது தான், மறந்து போனது எதுன்னு தெரியணும்ல.

அம்மா பின்னம் படிச்சத சொல்றேன், அப்ப தான் இது எப்படி வேலை செய்யுதுன்னு புரியும். அரையோட மூணுல ஒண்ண கூட்டணும். அம்மா மேல உள்ளத கூட்டி கீழ உள்ளத கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு போட்டாங்க. ஸ்க்ரீன்ல சரியில்லன்னு வந்துச்சு, ஆனா விடைய காட்டல. ஹின்ட்டு கேட்டா (கேட்டா அந்தக் கேள்விக்கு மார்க் வராது, ஆனா ஒவ்வொரு படியா தொறக்கும்) ரெண்டு பட்டைய வரஞ்சு ரெண்டையும் ஆறு ஆறா பிரிச்சுக் காட்டுது, அரைன்னா ஆறுல மூணு, மூணுல ஒண்ணுன்னா ஆறுல ரெண்டு, சேத்தா ஆறுல அஞ்சு. அம்மா வீடியோவ நிறுத்திட்டு நோட்டுல அதே பட்டைய ஸ்கேல் வச்சு வரஞ்சாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏண்டி, நான் போட்ட அஞ்சுல ரெண்டு அரைய விட கம்மி இல்ல? அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படி அரைய விடக் கொறையும்?"னு அவங்களே கேட்டாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, அவங்களே கண்டுபிடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, "ரெண்டு துண்டும் ஒரே அளவுல இல்லாம கூட்டக் கூடாதுன்னு அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் ஏன் படிப்ப விடப் போறேன்"னு. எனக்கு அப்ப கோவம் தான் வந்துச்சு, அவங்க மேல இல்ல, வகுப்புல புரியாம உக்காந்திருந்த ஒரு பொண்ண அப்படியே கடந்து போன எல்லார் மேலயும்.

பெரியவங்கள சேத்து விடறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சைட்ல கோர்ஸ்ங்க ரெண்டு விதமா இருக்கு. மூணாங்கிளாஸ் கணக்கு, நாலாங்கிளாஸ் கணக்குன்னு வகுப்பு வாரியா ஒரு வரிசை, அரித்மெட்டிக், பேசிக் ஜாமெட்ரி, அல்ஜீப்ரான்னு தலைப்பு வாரியா இன்னொரு வரிசை. பெரியவங்கள கண்டிப்பா தலைப்பு வாரியா உள்ளதுல சேத்து விடுங்க. உள்ள இருக்கற பாடம் பெரும்பாலும் ஒண்ணு தான், ஆனா ஸ்க்ரீன் மேல பெருசா மூணாங்கிளாஸ்னு எழுதியிருந்தா பேரன் பேத்தி எடுத்த ஒருத்தருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இத யாரும் பெருசா பேசறதில்ல ஆனா பெரியவங்க ஆன்லைன்ல படிக்காம போறதுக்கு வெக்கம் பெரிய காரணம், டெக்னாலஜி ரெண்டாவது தான்.

எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல அடிப்படை தெரியும், முழுசா மொதல்லேர்ந்து ஒக்காந்து பாக்க நேரம் இல்ல. அதுக்கு கோர்ஸ் சேலஞ்ச்னு 30 கேள்வி இருக்கு, அத மொதல்லயே எழுதிட்டா எது தெரியும் எது ஓட்டைன்னு காட்டிடும், ஓட்டைய மட்டும் அடைச்சா போதும். வேலைக்குப் போயிட்டு ராத்திரி படிக்கறவங்களுக்கு நேரமும் காசு தான், தெரிஞ்சத திரும்பக் கேக்க வைக்காத கோர்ஸ் தான் நெஜமாவே மலிவான கோர்ஸ்.

அக்கா பொண்ணுக்கு தனியா கான் அகாடமி கிட்ஸ்னு ஒரு ஆப், ரெண்டு வயசுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும், 2018ல வந்தது. அதுவும் ஃப்ரீ, விளம்பரமும் சந்தாவும் இல்ல. கதைப் புத்தகம், எழுத்து, எண்ணு எல்லாம் இருக்கு, கொஞ்சத்த நெட் இல்லாமயே போட்டுக்கலாம். சின்னப் பசங்க ஆப்புல விளம்பரம் இல்லங்கறது சின்ன விஷயம் இல்லங்க, தெரியாம கை பட்டு எங்கயோ போய் நிக்கற தொல்லை இல்ல.

இப்ப டேட்டா, போன் பத்தி. ஃபீஸ் பூஜ்யம்னா செலவு பூஜ்யம்னு அர்த்தம் இல்லையே. போன் வேணும், டேட்டா வேணும், கரன்ட் வேணும், வீட்ல ஒரே போன்னா அது யார் கையில எந்த நேரத்துல இருக்கும்ங்கற பஞ்சாயத்து வேற. கான் அகாடமியோட வீடியோ பெரும்பாலும் கருப்பு போர்டுல கலர் கலரா எழுத்து, பின்னாடி கொரல், ஆளோட மூஞ்சி கூட வராது. பளபளன்னு இல்லைன்னு சிலருக்குத் தோணும், ஆனா அது தான் டேட்டாவ மிச்சம் பண்ணுது, யூடியூப்ல கொறஞ்ச குவாலிட்டில வச்சாலும் எழுத்து படிக்கற மாதிரி இருக்கும். நிறைய பணம் போட்டு ஸ்டுடியோவுல எடுத்து ட்ரோன் ஷாட் எல்லாம் வச்ச கோர்ஸ் வீடியோ, கொறஞ்ச நெட்ல சுத்திக்கிட்டே இருக்கும்.

நெட்டே இல்லாதவங்க? ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியூ 2024ல சொன்ன கணக்குப்படி அந்த வருஷம் உலகத்துல 260 கோடி பேர் இன்டர்நெட்டுக்கு வெளிய தான் இருந்தாங்க. அவங்கள விட்டுட்டு எல்லாருக்கும் கல்வின்னு பேசறதுல அர்த்தமே இல்ல. இதுக்கு கொலிப்ரின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, லேர்னிங் ஈக்வாலிட்டிங்கற லாப நோக்கமில்லாத அமைப்போடது, இவங்க 2012ல கான் அகாடமி வீடியோவ நெட் இல்லாம பாக்கறதுக்கு கேஏ லைட்னு ஒண்ணு செஞ்சவங்க. கொலிப்ரிய ஒரு பழைய கம்ப்யூட்டர்லயோ, உள்ளங்கை அளவு இருக்கற ராஸ்ப்பெரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்லயோ போட்டு, நெட் இருக்கற எடத்துல ஒரே தடவ பாடத்த எறக்கிட்டு வந்துட்டா போதும், அப்புறம் அந்த ரூம்ல இருக்கறவங்க எல்லாரும் உள்ளூர் வைஃபைல அவங்கவங்க போன்லேர்ந்து பாக்கலாம், பயிற்சியும் போடலாம், யார் எதுவரைக்கும் வந்திருக்காங்கன்னு சொல்லித்தர்றவங்களுக்கும் தெரியும். டேட்டா ஒரு பைசா போகாது. லைப்ரரி, ட்யூஷன் சென்டர், முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்தறவங்க இத ஒரு தடவ அவசியம் பாருங்க, கான் அகாடமி பாடம் மட்டும் இல்ல, ஃபெட் சிமுலேஷன் (அறிவியல், கணக்க ஸ்க்ரீன்லயே செஞ்சு பாக்கற மாதிரி வச்சது) மாதிரி இன்னும் நிறைய அதுக்குள்ள வரும். கான் அகாடமி பாடத்த வியாபாரத்துக்கு இல்லாம பகிர்ந்துக்க விடற லைசன்ஸ்ல வச்சிருக்காங்க, அதனால தான் இதெல்லாம் நடக்குது.

மாற்றுத்திறனாளிங்க விஷயத்துக்கு வர்றேன். வீடியோவுக்கு சப்டைட்டில் இருக்கு, அதோட பேசறது பூரா எழுத்தா கீழ ட்ரான்ஸ்க்ரிப்ட்டா கெடைக்கும், அந்த வரியத் தொட்டா வீடியோ அந்த எடத்துக்குப் போகும். காது கேக்காதவங்களுக்குன்னு நெனச்சு வச்சது, ஆனா வேகமா பேசற இங்கிலீஷ் புரியாதவங்க, சத்தம் போட முடியாம கொழந்தைய தூங்க வச்சுட்டு படிக்கற அம்மாங்க எல்லாருக்கும் உதவுது. வேகத்தையும் கொறச்சுக்கலாம், எங்கம்மா 0.75ல தான் கேப்பாங்க. கண் தெரியாதவங்களுக்கு போர்டுல எழுதிக்கிட்டே "இத அங்க கொண்டு போனா"ன்னு பேசற எந்த வீடியோவும் கஷ்டம் தான், இந்த வகை வீடியோ எல்லாத்துக்கும் உள்ள கொறை இது, அவங்களுக்கு எழுத்துல உள்ள பாடம் தான் ஸ்க்ரீன் ரீடரோட (ஸ்க்ரீன்ல இருக்கற எழுத்த வாசிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) ஒத்துப்போகும்.

நீங்க வேற எந்த படிப்பு சைட்ட எடுத்தாலும் சேர்றதுக்கு முன்ன ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. மவுஸ தொடாம டேப் கீய மட்டும் வச்சு ஒரு பாடத்த தொறந்து ஒரு கேள்விக்கு பதில் சொல்ல முடியுதா, எழுத்த 200 சதவீதம் பெருசாக்கினா பக்கம் ஒடையாம நிக்குதா, வெளிர் சாம்பல் எழுத்த வெள்ளையில போட்டு கண்ண கெடுக்கறாங்களா. இதெல்லாம் டபிள்யூசிஏஜின்னு உலகம் பூரா பொதுவா இருக்கற விதிமுறையில உள்ளது தான், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் இருக்கணும்னு நம்பரே போட்டு சொல்லியிருக்காங்க. வயசானவங்களுக்கு கண்ணும் கையும் முன்ன மாதிரி இருக்காது, அவங்கள மாற்றுத்திறனாளின்னு யாரும் சொல்ல மாட்டாங்க ஆனா இந்த விதி எல்லாமே அவங்களுக்கும் உதவும்.

கொறைங்களையும் சொல்லிடறேன். சர்ட்டிஃபிகேட் கெடையாது, டிகிரி கெடையாது, இத முடிச்சேன்னு வேலைக்கு காட்ட ஒண்ணும் கையில இருக்காது. அது தான் வேணும்னா கோர்ஸெரா மாதிரி எடத்துல ஃபைனான்ஷியல் எய்டுக்கு அப்ளை பண்ணுங்க, உங்க நெலமையும் கோர்ஸ் ஏன் வேணும்னும் எழுதிக் குடுக்கணும், ஒத்துக்கிட்டா கட்டணத்துல கணிசமா கொறையும். நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, கோர்ஸ் பக்கத்துலயே சின்னதா லிங்க் இருக்கும். ரெண்டாவது கொறை, கணக்கு தான் இங்க ராஜா, அதுல கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா வரைக்கும் போகலாம், மத்த பாடம் எல்லாம் அந்த ஆழத்துக்கு இல்ல. கை வேலை, தொழில் பயிற்சிக்கு இங்க வராதீங்க. மூணாவது மொழி. நிறைய மொழிக்கு மாத்தியிருக்காங்க, ஆனா இங்கிலீஷ்ல இருக்கற அளவு எல்லா மொழியிலயும் இருக்காது. அம்மாவுக்கு மொத சில நாள் நான் பக்கத்துல உக்காந்து கேள்விய வாசிச்சு சொல்ல வேண்டியிருந்துச்சு, கணக்கு தெரியறதுக்கு முன்ன இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும்ங்கறது என்ன நியாயம், இந்த ஒரு விஷயத்துக்கு யார் பணம் போட்டாலும் புண்ணியம்.

நாலாவது கான்மிகோ, 2023 மார்ச்ல கொண்டு வந்த ஏஐ டியூட்டர். விடைய நேரா சொல்லாம கேள்வி கேட்டு கேட்டு உங்களையே யோசிக்க வைக்கறது நல்ல யோசனை தான், ஆனா தனியா படிக்கறவங்களுக்கு அது காசு குடுத்தா தான், எல்லா நாட்டுலயும் கெடைக்கறதும் இல்ல. அதுக்கு செலவாகுதுன்னு புரியுது. இருந்தாலும் பக்கத்துல ஆள் வச்சு சொல்லிக்குடுக்க வசதி இல்லாதவங்களுக்கு தான் இது அதிகமா தேவை, அவங்க கைக்கு தான் இது கடைசியா போய்ச் சேரும்ங்கறது எனக்கு மனசு ஒப்பல. அடிப்படைப் பாடத்துக்கும் பயிற்சிக்கும் இது இல்லாமயே எல்லாம் நடக்கும், அதனால இத காட்டி தயங்க வேண்டாம்.

தனியா ஒருத்தர் எவ்ளோ நாள் தாக்குப் பிடிப்பாங்கங்கறதும் ஒரு கேள்வி, அதுக்கு சைட்லயே ஒரு வழி இருக்கு. டீச்சர் அக்கவுண்ட் யார் வேணும்னாலும் தொறக்கலாம், அதுவும் ஃப்ரீ. ஒரு கிளாஸ் உண்டாக்கினா ஒரு கோடு (code) வரும், படிக்கறவங்க அவங்க அக்கவுண்ட்ல அந்தக் கோட போட்டா போதும், நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் அவங்க எந்தப் பாடத்துல நிக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியும், அடுத்து இத போடுங்கன்னு வேலையும் குடுக்கலாம். அம்மாவோட கிளாஸுக்கு இப்ப எங்க அக்கா தான் டீச்சர். அக்கா வாரத்துக்கு ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு போன் பண்ணுவா, அம்மா இப்ப தசமத்துல இருக்காங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் கோடு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க.